அஞ்சலக ஆர்.டி.: அறுபது தவணைகளின் மதிப்பீடு

மாதச் செலவில் மிச்சம் பிடித்துச் சேமிக்கத் தொடங்கும் குடும்பத்துக்கு முதல் திட்டமாக எதைப் பரிந்துரைக்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் பல ஆண்டுகளாக ஒரே பதிலைத்தான் சொல்லி வருகிறேன்: பக்கத்து அஞ்சலகத்தில் ஐந்தாண்டுத் தொடர் வைப்புக் கணக்கு ஒன்றைத் திறந்துவிடுங்கள். ‘போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி.’ என்று எல்லோரும் அழைக்கும் இத்திட்டம் எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறைகளாகப் புழக்கத்தில் இருக்கிறது. பழக்கத்தால் வந்த பற்று கணக்கை மறைத்துவிடக் கூடாது என்பதால், விதிகளையும் வட்டியையும் மீண்டும் ஒருமுறை உட்கார்ந்து போட்டுப் பார்த்து இதை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வட்டிக்காக யாரும் இதைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. சிக்கனமாக வாழ்ந்து மிச்சப்படுத்தும் பணத்தைக் கைக்கு எட்டாத இடத்தில் ஐந்து ஆண்டுகள் நிறுத்தி வைக்கும் கண்டிப்புக்காகவே இதைத் தேர்ந்தெடுக்கலாம். அந்தக் கண்டிப்பு ஓரிரு இடங்களில் நியாயமான அளவைத் தாண்டிவிடுகிறது என்பதே என் முக்கியக் குறை.

திட்டத்தின் அமைப்பு எளியது. மாதம் குறைந்தது 100 ரூபாய், அதற்கு மேல் பத்தின் மடங்குகளில் எவ்வளவு வேண்டுமானாலும் கட்டலாம். உச்ச வரம்பு கிடையாது. முன்பு மாதம் 10 ரூபாய்க்கே கணக்குத் திறக்க முடிந்தது. 2019ஆம் ஆண்டு விதிகள்தான் அதை 100 ஆக்கின. மொத்தம் அறுபது தவணைகள். வட்டியைக் காலாண்டுக்கு ஒருமுறை அசலோடு சேர்த்து, அதற்கும் வட்டி கணக்கிடுகிறார்கள். 2023 அக்டோபரிலிருந்து ஆண்டு வட்டி 6.7 சதவீதமாக இருந்து வருகிறது. இந்த வீதத்தில் மாதம் 1,000 ரூபாய் கட்டுபவருக்கு, 60,000 ரூபாய் அசலுக்கு, முதிர்வின்போது சுமார் 71,366 ரூபாய் கிடைக்கும்; மாதம் 2,000 என்றால் 1,20,000 ரூபாய்க்குச் சுமார் 1,42,732. தனியாகவோ மூன்று பேர் வரை கூட்டாகவோ கணக்கு வைத்துக்கொள்ளலாம். பத்து வயது நிறைந்த பிள்ளைகள் தங்கள் பெயரிலேயே திறக்கலாம். ஒருவர் எத்தனை கணக்கு வைத்திருந்தாலும் தடையில்லை என்ற விதி பார்வைக்குச் சாதாரணமாகத் தெரிந்தாலும், இத்திட்டத்தைத் திறமையாகப் பயன்படுத்த நினைப்பவருக்கு அதுவே மிகப் பெரிய வசதி.

வட்டி வீதத்தை மத்திய அரசு காலாண்டுக்கு ஒருமுறை அறிவிக்கிறது. ஆனால் கணக்குத் திறக்கும் நாளில் உள்ள வீதமே அந்தக் கணக்குக்கு ஐந்து ஆண்டும் நிற்கும். இது இரு பக்கமும் வெட்டும். 2020 மார்ச் மாதம் வரை 7.2 சதவீதமாக இருந்த வீதம் ஏப்ரல் 1 முதல் ஒரேயடியாக 5.8க்கு இறங்கியது. மார்ச் கடைசியில் மாதம் 2,000 ரூபாய்க்குக் கணக்குத் திறந்தவருக்கு முதிர்வில் சுமார் 1,44,600 ரூபாயும், சில நாள் தள்ளி ஏப்ரலில் திறந்தவருக்குச் சுமார் 1,39,400 ரூபாயும் கிடைத்திருக்கும். இடையில் 2023இல் வீதம் படிப்படியாக 6.7 வரை ஏறியபோதும் அந்த ஏப்ரல் கணக்குக்காரருக்கு 5.8தான். 2021 மார்ச் 31 அன்று இன்னும் ஒரு பெரிய குறைப்பை அறிவித்து, ‘கவனக்குறைவால் வெளியான ஆணை’ என்று கூறி மறுநாள் காலையே அரசு அதைத் திரும்பப் பெற்றதும் பலருக்கு நினைவிருக்கும். வீதம் ஏறுமா இறங்குமா என்று காத்திருப்பது வீண் வேலை என்பதே இதிலிருந்து எனக்குப் புரிந்தது. காத்திருக்கும் மாதங்களில் பணம் செலவாகிவிடுகிறது.

இந்த இடத்தில் ஒரு கணக்கை நிதானமாகப் பார்க்க வேண்டும்; திட்டத்தை மதிப்பிட இதைவிட நல்ல அளவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை. மாதம் 2,000 ரூபாய் கட்டுபவருக்கு வேறு எங்கோ ஒரு சதவீதம் கூடுதலாக, அதாவது 7.7 சதவீதம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாண்டு முடிவில் அவர் கூடுதலாகப் பெறுவது ஏறத்தாழ 3,800 ரூபாய். அதே ஆள் 6.7 சதவீதத்திலேயே இருந்துகொண்டு தவணையை மாதம் வெறும் 100 ரூபாய் உயர்த்தினால் அவர் கையில் 7,136 ரூபாய் கூடும். அதில் 6,000 அவருடைய சொந்தப் பணம் என்றாலும், செலவாகிப் போயிருக்க வேண்டிய 6,000 அது. சிறு தொகைகளைச் சேமிக்கும் பருவத்தில் சொத்தின் அளவைத் தீர்மானிப்பது வட்டி வீதத்தைவிடத் தவணைத் தொகைதான். வட்டி வீதம் ஆள ஆரம்பிப்பது, சேர்ந்த தொகை பெருத்து, காலமும் பத்துப் பதினைந்து ஆண்டுகளைத் தாண்டும்போது. ஆகவே முதல் ஐந்து ஆண்டுகளில் அரை சதவீதத்தைத் துரத்தி அலைபவர்களைவிட, வீட்டுச் செலவில் இருநூறு ரூபாய் எங்கே கசிகிறது என்று பார்ப்பவர்களே முன்னே போகிறார்கள்.

அந்த இருநூறு ரூபாய் எங்கிருந்து வரும் என்பதற்குத் தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்குப் புதிதாக எதையும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் சில இடங்களில் சிக்கனம் மற்ற இடங்களைவிட அதிகமாகப் பலன் தருகிறது. மின்சாரம் அப்படி ஒன்று. வீட்டு இணைப்புகளுக்கு இரு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஆனால் மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டுமின்றி, கீழே உள்ள யூனிட்டுகள் சிலவற்றுக்கும் சேர்த்து உயர்ந்த கட்டணம் விழும்படி படிநிலையே மாறிவிடுகிறது. 490இல் நிற்பதற்கும் 510க்குப் போவதற்கும் உள்ள வேறுபாடு இருபது யூனிட்டின் விலையோடு நிற்பதில்லை. கோடைக் கணக்கெடுப்பில் ஏ.சி.யை ஒரு மணி நேரம் முன்னதாக அணைக்கும் வீடு இந்தக் கோட்டுக்குள் நிற்க முடிந்தால், அந்த மிச்சமே ஒரு தவணையின் பெரும் பங்காகிவிடும். பெண்களுக்குச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 முதல் கட்டணமில்லை. வேலைக்குப் போகும் பெண் முன்பு பேருந்துக்குக் கொடுத்த தொகையை அப்படியே ஆர்.டி.க்குத் திருப்பிவிட்ட குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். திருப்பிவிடாத குடும்பங்களில் அந்தப் பணம் எங்கே போனது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. மிச்சம் பிடித்தால் மட்டும் போதாது, மிச்சம் பிடித்த அன்றே அதற்கு ஓர் இடம் ஒதுக்க வேண்டும் என்பதைக் கடைப்பிடிக்க வைப்பதில்தான் ஆர்.டி. தன் வேலையைச் செய்கிறது.

தவணை நாள் பற்றிய விதி பலர் கவனிக்காத ஒன்று. மாதத்தின் 15ஆம் தேதிக்குள் திறந்த கணக்குக்கு அடுத்தடுத்த தவணைகளை ஒவ்வொரு மாதமும் 15க்குள் கட்ட வேண்டும்; 16ஆம் தேதியிலிருந்து மாதக் கடைசிக்குள் திறந்த கணக்குக்கு மாதத்தின் கடைசி வேலை நாள் வரை அவகாசம் உண்டு. முதல் வாரத்தில் சம்பளம் வாங்குபவர் முதல் பாதியில் திறப்பதே நல்லது; பணம் கையில் தங்கும் நாட்கள் குறையும். கலைஞர் மகளிர் உரிமைத் தொகையாக மாதம் 1,000 ரூபாய் பெறும் பெண்களுக்கு அந்தத் தொகை பெரும்பாலும் 15ஆம் தேதியை ஒட்டித்தான் வங்கிக் கணக்கில் ஏறுகிறது. ஆகவே அவர்கள் அதை ஆர்.டி.யில் போட நினைத்தால் 16க்குப் பிறகு கணக்குத் திறப்பதே சரி. இல்லையென்றால் ஒவ்வொரு மாதமும் கெடு தேதியோடு ஓட்டப்பந்தயம். அந்த ஆயிரத்தை ஒரு மாதம்கூட எடுக்காமல் சேர்த்தால் ஐந்தாண்டில் 71,366 ரூபாய் என்று முன்பே பார்த்தோம். குடும்ப வருமானம் இறுக்கமாக இருக்கும் வீட்டில் அது முழுவதும் சாத்தியமா என்பது வேறு கேள்வி; பாதியைப் போட்டாலும் கணக்கு அதே விகிதத்தில் நடக்கும்.

தவணை தவறினால் ஒவ்வொரு 100 ரூபாய்க்கும் மாதத்துக்கு ஒரு ரூபாய் அபராதம். 2,000 ரூபாய்க் கணக்கில் ஒரு மாதத் தாமதத்துக்கு 20 ரூபாய். தொகை சிறியதுதான், ஆனால் மாதத்துக்கு ஒரு சதவீதம் என்று பார்த்தால் கணக்கு ஈட்டும் வட்டியைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் அது தின்கிறது. தொடர்ந்து நான்கு தவணைகள் தவறினால் கணக்கு நின்றுபோகும். அதிலிருந்து இரண்டு மாதத்துக்குள் நிலுவையைக் கட்டிப் புதுப்பிக்காவிட்டால் அதன் பிறகு பணம் போடவே முடியாது. தவறிய தவணைகள் நான்குக்கு மேல் போகாதவரை, அத்தனை மாதங்கள் முதிர்வைத் தள்ளி வைத்துக்கொள்ளும் வழியும் இருக்கிறது. மருத்துவச் செலவு வந்த வீட்டுக்கும் வேலை போன வீட்டுக்கும் இந்த வழி ஆறுதலானது. கவுன்டரில் இதைத் தாமாகச் சொல்பவர்கள் குறைவு என்பதால் கேட்டுப் பெற வேண்டும்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் முன்கூட்டிக் கட்டுபவர்களுக்குத் தள்ளுபடி உண்டு என்பது எத்தனை பேருக்குத் தெரியும் என்று எனக்கு ஐயம். ஆறு மாதத் தவணைகளை ஒன்றாகக் கட்டினால் ஒவ்வொரு 100 ரூபாய்த் தவணைக்கும் 10 ரூபாய், பன்னிரண்டு மாதத்துக்குக் கட்டினால் 40 ரூபாய் குறைத்துக்கொள்கிறார்கள். மாதம் 2,000 ரூபாய்க் கணக்கில் ஓராண்டுத் தொகையான 24,000 ரூபாயை மொத்தமாகக் கட்டுபவர் 23,200 கொடுத்தால் போதும். பணத்தை முன்கூட்டிக் கொடுப்பதற்கான ஈடாக இதைக் கணக்கிட்டால் ஆண்டுக்கு 7 சதவீதத்துக்குச் சற்று மேலே வருகிறது. சேமிப்புக் கணக்கில் 4 சதவீதத்துக்குக் கிடக்கும் பணத்துக்கு இது நல்ல பயன்பாடு. தீபாவளி போனஸ் வாங்குபவர்களும், அறுவடைக்குப் பின் மொத்தமாகப் பணம் பார்க்கும் விவசாயக் குடும்பங்களும் இந்த வழியில் ஆண்டு முழுவதற்கும் கட்டிவிட்டு அபராதக் கவலையின்றி இருக்கலாம். மாத வருமானம் இல்லாதவர்களுக்கு ஆர்.டி. ஒத்துவராது என்ற பேச்சு இந்த விதியை அறியாததால் வருவது.

இனி குறைக்கு வருகிறேன். கணக்கை மூன்று ஆண்டுகள் முடிவதற்கு முன் மூட முடியாது. அது இருக்கட்டும், அந்தப் பூட்டு வேண்டும் என்றுதானே இங்கே வந்தோம். ஆனால் மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு மூடினாலும், தொடக்கத்திலிருந்து முழுக் காலத்துக்கும் சாதாரண சேமிப்புக் கணக்கின் வட்டியான 4 சதவீதம்தான் தருகிறார்கள். முதிர்வுக்கு ஒரு நாள் முன்பு மூடினாலும் இதே கதிதான். மாதம் 2,000 ரூபாய் வீதம் நான்கு ஆண்டுகள் ஒழுங்காகக் கட்டிய ஒருவர், மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காகக் கணக்கை முடித்தால் அவர் இழக்கும் வட்டி ஏறத்தாழ 6,000 ரூபாய். அவர் ஈட்டியிருக்க வேண்டிய வட்டியில் இது பாதிக்கு நெருங்கி வருகிறது. வங்கிகளில் தொடர் வைப்பை முன்கூட்டி மூடினால், பணம் இருந்த காலத்துக்கு உரிய வீதத்திலிருந்து அரை அல்லது ஒரு சதவீதத்தைக் கழிப்பதே பொதுவான வழக்கம். ஒழுங்கைக் கற்பிப்பது வேறு. நாற்பத்தெட்டு மாதங்கள் ஒழுங்காக இருந்தவரைத் தண்டிப்பது வேறு. அஞ்சலகத்தின் மற்றொரு திட்டமான கால வைப்பில்கூட முடிந்த ஆண்டுகளுக்கு ஓரளவு நல்ல வட்டி தரும் விதி இருக்கும்போது, மாதாமாதம் வரிசையில் நின்று கட்டும் சிறு சேமிப்பாளரிடம் மட்டும் இத்தனை இறுக்கம் ஏன் என்பது எனக்கு விளங்காத ஒன்று.

இந்தக் குறையிலிருந்து தப்ப ஒரு வழியைத் திட்டமே வைத்திருக்கிறது: கடன். பன்னிரண்டு தவணைகள் கட்டி ஓராண்டு முடிந்திருந்தால் கணக்கில் உள்ள தொகையில் பாதி வரை கடன் வாங்கலாம். கடன் வட்டி, கணக்கின் வட்டியைவிட 2 சதவீதம் அதிகம், அதாவது 6.7 சதவீதக் கணக்குக்கு 8.7. ஐம்பதாயிரம் ரூபாய் கடன் வாங்கி ஓராண்டு கழித்துத் திருப்பினால் வட்டி 4,350 ரூபாய் ஆகும். அதே ஓராண்டில் எடுக்கப்படாத அந்த ஐம்பதாயிரம் கணக்கில் 3,350 ரூபாய்க்குக் குறையாமல் ஈட்டியிருக்கும். உண்மையான செலவு ஆயிரம் ரூபாய் அளவில்தான். அடகுக் கடையில் நகையை வைத்தாலும், கடன் அட்டையில் தேய்த்தாலும், கணக்கை மூடினாலும் இதைவிட அதிகமாகவே கையைக் கடிக்கும். கடனைத் திருப்பிக் கட்டிக்கொண்டே தவணையையும் தொடர வேண்டும் என்பதுதான் சிரமம். ஆகவே தவணைத் தொகையைத் தீர்மானிக்கும்போதே, வருமானம் ஒரு மாதம் தடைபட்டாலும் கட்டக்கூடிய அளவுக்குக் கீழே நிறுத்திக்கொள்வது நல்லது. மாதம் 5,000 கட்ட முடியும் என்று தோன்றினால் 5,000க்கு ஒரே கணக்காகத் திறக்காமல் 2,000, 2,000, 1,000 என மூன்றாகத் திறந்தால், நெருக்கடியில் ஒன்றை மட்டும் பலி கொடுத்துவிட்டு மற்ற இரண்டைக் காப்பாற்றலாம்.

தவணையை இடையில் உயர்த்த முடியாது என்பது இன்னொரு குறை. ஊதியம் ஆண்டுதோறும் கொஞ்சமாவது ஏறும்; ஆர்.டி. ஏறாது. ஆனால் எத்தனை கணக்கு வேண்டுமானாலும் திறக்கலாம் என்ற விதி இதற்கு மருந்தாகிறது. முதல் ஆண்டு 1,000 ரூபாய்க்கு ஒரு கணக்கு, அடுத்த ஆண்டு ஊதிய உயர்வு வந்ததும் இன்னொரு 1,000 ரூபாய்க்கு ஒரு கணக்கு என்று ஐந்து ஆண்டுகள் திறந்து வந்தால், ஆறாம் ஆண்டிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் ஒரு கணக்கு முதிரத் தொடங்கும். முதிரும் ஒன்றுக்குப் பதில் புதிதாக ஒன்றைத் திறந்துகொண்டே போகலாம். மாதம் 5,000 ரூபாய் கட்டுகிற நிலையை ஒரே தாவலில் அடைய முடியாத குடும்பம், ஒவ்வோர் ஆண்டும் ஒரு படி ஏறி அங்கே போய்விடுகிறது. ஐந்தாண்டு காத்திருப்பு நீளமானது என்ற புகாருக்கும் இதில் விடை இருக்கிறது; ஆண்டுதோறும் ஒரு தொகை கைக்கு வரும்போது ஊக்கம் குன்றுவதில்லை.

பணம் கட்டும் வசதி முன்பைவிட மேம்பட்டிருக்கிறது. அஞ்சலகச் சேமிப்புக் கணக்கு இருந்தால் அதிலிருந்து ஒவ்வொரு மாதமும் தானாக ஆர்.டி.க்குப் போகும்படி நிலை ஆணை கொடுக்கலாம். 2018இல் தொடங்கிய இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கியின் செயலி வழியாகவும் கைபேசியிலேயே கட்டலாம். அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் குறைந்தது 500 ரூபாய் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஆண்டுக் கட்டணம் பிடிப்பார்கள் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

செயலிகளுக்கு வெகு காலம் முன்பிருந்தே இத்திட்டத்தை வீடு வீடாகக் கொண்டு சேர்த்தவர்கள் மகளிர் முகவர்கள். 1970களில் தொடங்கிய மகளிர் முகவர் திட்டத்தின்கீழ் நியமிக்கப்பட்டவர்கள் இவர்கள், வசூலிக்கும் ஆர்.டி. தொகையில் 4 சதவீதம் அரசு இவர்களுக்குத் தரகாகத் தருகிறது. சேமிப்பாளர் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. அலுவலகங்களுக்கும் கடைவீதிக்கும் மாதத்தின் இரண்டாம் வாரத்தில் வந்து நிற்கும் ‘போஸ்ட் ஆபீஸ் அக்கா’ இல்லாவிட்டால் இந்த ஊரில் பாதிப் பேர் ஐந்தாண்டைத் தாண்டியிருக்க மாட்டார்கள். பணத்தை மற்றவர் முன்னிலையில் கேட்கும்போது, இந்த மாதம் வேண்டாம் என்று சொல்லக் கூச்சம் வந்துவிடுகிறது. செயலியால் தர முடியாத சேவை அது. ஆனால் முகவரிடம் கட்டுபவர்கள் அவர் கொடுக்கும் அட்டையைத் தாங்களே வைத்துக்கொண்டு அதில் ஒவ்வொரு மாதமும் அவருடைய கையொப்பம் பெற வேண்டும், சில மாதங்களுக்கு ஒருமுறையாவது பாஸ்புக்கை வாங்கி உள்ளே பதிவு ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முகவரிடம் பாஸ்புக்கையும் நம்பிக்கையையும் ஒன்றாகக் கொடுத்துவிட்டு ஐந்து ஆண்டுகள் திரும்பிப் பார்க்காதவர்கள் ஏமாந்த செய்திகள் நாளிதழ்களில் வராமல் இல்லை.

நம் ஊரில் ஆர்.டி.யின் உண்மையான போட்டியாளர்கள் நகைச் சீட்டும் ஏலச் சீட்டும்தான். நகைச் சீட்டு பதினோரு மாதங்களாக இருப்பதற்குக் காரணம் சட்டம்: நிறுவனங்கள் வாங்கும் முன்பணம் 365 நாட்களுக்குள் பொருளாக மாறாவிட்டால் அது வைப்புத்தொகையாகக் கருதப்படும் என்று 2014ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. சேதாரத்தில் சலுகை கிடைக்கும் என்றாலும் முடிவில் நகையாகத்தான் வாங்க வேண்டும். திருமணத்துக்கு நகை எப்படியும் வாங்கியாக வேண்டிய வீட்டுக்கு அது பொருந்தலாம். தங்கத்தின் விலை அண்மை ஆண்டுகளில் ஏறிய வேகத்தின்முன் ஆர்.டி.யின் வட்டி நிற்க முடியாது என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் நகையாக வாங்கும்போது செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜி.எஸ்.டி. ஆகியவை போய்விடுகின்றன, விற்கும்போது அவை திரும்பி வருவதில்லை. அதோடு, நகையை அணிவதற்கென்று வாங்கிய வீடுகளில் விற்பனை என்ற பேச்சே எடுபடாது. ஏலச் சீட்டு, அவசரத்துக்குத் தள்ளு கொடுத்து எடுப்பவரின் இழப்பிலிருந்து பொறுமையாக இருப்பவர் ஆதாயம் பார்க்கும் ஏற்பாடு. 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பதிவு செய்யப்பட்ட நிறுவனத்தில் போடுவது ஒரு வகை; தெருமுனை மளிகைக் கடையில் தீபாவளிச் சீட்டுப் போடுவது முற்றிலும் வேறு வகை. தொண்ணூறுகளில் நிதி நிறுவனங்கள் வரிசையாகக் கவிழ்ந்து, அதன் விளைவாக 1997இல் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவர நேர்ந்த மாநிலம் இது. அன்று 24, 36 சதவீதம் என்ற விளம்பரங்களைப் பார்த்துச் சிரிக்காமல் வரிசையில் நின்ற தலைமுறைக்கு, 6.7 சதவீதமும் அரசின் முழு உத்தரவாதமும் எவ்வளவு பெரிய விஷயம் என்று விளக்க வேண்டியதில்லை. வங்கி வைப்புக்கு ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் ரூபாய் வரைதான் காப்பீடு. அஞ்சலகத்தில் அத்தகைய வரம்பு இல்லை.

வரியைப் பொறுத்தவரை ஆர்.டி. வெறுங்கையோடு நிற்கிறது. கட்டும் தொகைக்கும் விலக்கு இல்லை, வட்டிக்கும் விலக்கு இல்லை. புதிய வரிமுறையில் 2025–26ஆம் நிதியாண்டு முதல் 12 லட்சம் ரூபாய் வரை வருமானமுள்ளவருக்கு வரி வராது என்பதால் பெரும்பாலான சிறு சேமிப்பாளர்களுக்கு இது பொருட்டல்ல. 30 சதவீதப் படியில் இருப்பவருக்கு வரிக்குப் பின் மிஞ்சுவது 4.7 சதவீதம்கூட இல்லை. ரிசர்வ் வங்கியின் விலைவாசி இலக்கே 4 சதவீதமாக இருக்கும்போது அவருக்கு இது சொத்துச் சேர்க்கும் வழியாகாது. அவர் பி.பி.எஃப். எனப்படும் பொது வருங்கால வைப்பு நிதிக்குப் போக வேண்டும்.

பி.பி.எஃப். பற்றிச் சொல்லாமல் ஆர்.டி.யின் மதிப்பீடு முழுமையாகாது, ஏனென்றால் ஆர்.டி.யில் சேர்ந்த பணம் அடுத்துப் போக வேண்டிய இடங்களில் முதன்மையானது அது. அதே அஞ்சலகத்தில் அதே கவுன்டரில் கிடைக்கும். ஆண்டுக்குக் குறைந்தது 500, அதிகபட்சம் 1,50,000 ரூபாய். காலம் பதினைந்து ஆண்டுகள். 2020 ஏப்ரலிலிருந்து வட்டி 7.1 சதவீதம், வட்டிக்கும் முதிர்வுத் தொகைக்கும் வரி கிடையாது, நீதிமன்ற ஆணையால்கூடக் கடனுக்காக அதைப் பற்ற முடியாது. தொண்ணூறுகள் முழுக்க 12 சதவீதம் தந்த திட்டம் இது என்று பெரியவர்கள் பெருமூச்சு விடுவது உண்மைதான், ஆனால் அந்த நாட்களின் விலைவாசி ஏற்றத்தையும் அவர்கள் சேர்த்துச் சொல்வதில்லை. ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் இடையே உள்ள குறைந்தபட்ச இருப்புக்கே வட்டி என்பதால் 5க்குள் போடுவதுதான் லாபம். ஆண்டுக்கு 12,000 ரூபாயை ஏப்ரல் முதல் வாரத்திலேயே போட்டு வந்தால், இதே வீதம் நீடிக்கும்பட்சத்தில், 1,80,000 ரூபாய் பதினைந்து ஆண்டில் சுமார் 3,25,457 ஆகும். தமிழ்நாட்டு அஞ்சல் வட்டம் 2015இல் ‘பொன்மகன் பொது வைப்பு நிதி’ என்று பெயர் சூட்டி ஆண் குழந்தைகளுக்காக விளம்பரப்படுத்தியதும் சாராம்சத்தில் இதே திட்டம்தான். பெண் குழந்தைகளுக்கான செல்வமகள் திட்டத்தின் 8.2 சதவீதம் அதில் கிடைக்காது.

மாதம் 2,000 ரூபாய் ஆர்.டி. முதிர்ந்து வரும் 1,42,732 ரூபாய், பி.பி.எஃப்.பின் ஆண்டு வரம்புக்குள் அப்படியே அடங்கிவிடுகிறது என்பது தற்செயலான பொருத்தம்; ஆனால் பயனுள்ள பொருத்தம். பதினைந்து ஆண்டுப் பூட்டு வேண்டாம் என்பவர்கள் அதைத் தேசிய சேமிப்புப் பத்திரமாக மாற்றலாம். இப்போதைய 7.7 சதவீதத்தில் 1,42,700 ரூபாய்ப் பத்திரம் ஐந்தாண்டில் சுமார் 2,06,770 ரூபாயாகும். அந்த ஐந்தாண்டில் இரண்டாவது ஆர்.டி.யும் ஓடி முடிந்திருந்தால், மாதம் 2,000 ரூபாயைத் தாண்டாத ஒரு குடும்பம் பத்தாண்டு முடிவில் மூன்றரை லட்சத்துக்கு அருகே நிற்கும். பெரிய செல்வம் என்று இதைச் சொல்ல மாட்டேன். வட்டிக்கு வாங்காமல் ஒரு மருத்துவச் செலவையோ கல்லூரி முதலாண்டையோ தாங்கக்கூடிய தொகை என்று சொல்வேன். அதற்கு மேல் வேண்டுமென்றால் பங்குச் சந்தை சார்ந்த திட்டங்களுக்கும் ஒரு பகுதியைத் திருப்ப வேண்டியிருக்கும். ஆனால் சந்தை இறங்கும் ஆண்டில் கலங்காமல் இருக்க, இறங்காத ஒரு தொகை முதலில் கையில் இருப்பது அவசியம். இரண்டையும் மாறி மாறி ஒப்பிட்டு வாதிடுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் பள்ளியில் படித்தவர்களுக்குச் சஞ்சாயிகா நினைவிருக்கும். வகுப்பாசிரியர் கையில் காசைக் கொடுத்துச் சிறு அட்டையில் எழுதி வாங்கிய அந்தத் திட்டம் இப்போது இல்லை. பத்து வயதுப் பிள்ளை தன் பெயரில் 100 ரூபாய் ஆர்.டி. திறக்கலாம் என்ற விதி அந்த இடத்தை ஓரளவு நிரப்புகிறது. கவுன்டரில் கையொப்பமிட்டுத் தானே கட்டும் பிள்ளைக்குப் பதினைந்து வயதில் 7,136 ரூபாய் கிடைக்கும். தொகையைவிட, வட்டி என்ற வரியைத் தன் பாஸ்புக்கில் பார்ப்பது அந்த வயதில் வேலை செய்கிறது.

முதிர்வு நேரத்தில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. 20,000 ரூபாய்க்கு மேற்பட்ட தொகை ரொக்கமாகக் கிடைக்காது என்பதால் அஞ்சலகச் சேமிப்புக் கணக்கோ வங்கிக் கணக்கின் விவரமோ தயாராக இருக்க வேண்டும். கணக்கை மேலும் ஐந்து ஆண்டுகளுக்கு நீட்டிக்கலாம். ஆனால் திறந்தபோது இருந்த பழைய வீதமே தொடரும். ஆகவே பழைய வீதம் இன்றைய வீதத்தைவிட அதிகமாக இருந்தால் மட்டுமே நீட்டிப்பது அறிவுடைமை. குறைவாக இருந்தால் மூடிவிட்டுப் புதிதாகத் திறக்க வேண்டும். 5.8 சதவீதத்தில் 2020இலிருந்து 2023 தொடக்கம் வரை திறந்த கணக்குகளுக்கு இது நேரடியாகப் பொருந்தும். வாரிசு நியமனம் பாஸ்புக்கில் பதிவாகியிருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுவது நல்லது. பழைய கணக்குகள் பலவற்றில் அந்த இடம் காலியாகவே கிடக்கிறது. முதிர்ந்த பிறகு மூன்று ஆண்டுகளாக மூடவோ நீட்டிக்கவோ செய்யாத சிறுசேமிப்புக் கணக்குகளை முடக்கி வைக்குமாறு அஞ்சல் துறை 2025 ஜூலையில் ஆணையிட்டிருக்கிறது; முடக்கப்பட்டால் பணம் தொலையாது, ஆனால் அடையாளச் சான்றுகளுடன் மீண்டும் விண்ணப்பித்தே எடுக்க வேண்டும். பீரோவின் அடியில் அம்மாவோ தாத்தாவோ வைத்த பாஸ்புக் இருக்கும் வீடுகளில் அதை இந்த வாரமே எடுத்து முதிர்வுத் தேதியைப் பார்த்துவிடலாம்.